ஊராட்சிக் கணக்கைப் படிக்கும் முறை

ஊராட்சி மன்றம் ஒன்றின் நிர்வாகம் செம்மையாக நடைபெறுகிறதா என்று அறிய விரும்புவோர் முதலில் ரொக்கப் புத்தகத்தைக் கேட்கின்றனர். ரசீதும் செலவுச் சீட்டும் ஒத்திருந்து, கூட்டலில் பிழையின்றி, வங்கிக் கணக்கின் இருப்பும் ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் இணங்கிவிட்டால் 'கணக்குச் சரி' என்று கூறிவிடுகின்றனர். இது வேண்டியதே. ஆயினும், காகிதத்தில் கணக்குச் சரியாக இருக்க, குழாயில் வரும் தண்ணீர் குடிக்கத் தகாததாக இருத்தல் கூடும். ஆகவே பணத்தின் கணக்கோடு பொருளின் கணக்கையும், பொருளின் கணக்கோடு அது செய்த வேலையின் கணக்கையும் சேர்த்துப் படிக்கும் வழக்கம் நமது ஊர்களில் ஏற்பட வேண்டும். தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் செயலர்களுக்கும் மட்டுமன்றி, கிராம சபையில் வந்து அமரும் பொதுமக்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தோடு இதனை எழுதுகிறோம்.

மிகச் சிறிய பதிவேடு ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஊராட்சிதோறும் பிளீச்சிங் பவுடர் வாங்கப்படுகிறது. அதற்கு இருப்புப் பதிவேடும் உண்டு. 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்க. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் சேர்ப்பதாயின் ஒரு முறை தொட்டி நிரம்புவதற்கு 60 கிராம் குளோரின் வேண்டும். கடையில் வாங்கும் பவுடரில் நான்கில் ஒரு பங்கே குளோரின் என்று கொண்டால் 240 கிராம், அதாவது ஏறத்தாழ கால் கிலோ பவுடர் வேண்டும். நாளைக்கு இருமுறை தொட்டி நிரப்பும் ஊரில் நாளொன்றுக்கு அரை கிலோ செலவாகும். 25 கிலோ மூட்டை 50 நாளைக்கு வரும். ஆண்டுக்கு ஏழு மூட்டைக்குக் குறையாது. தண்ணீரின் தன்மைக்கேற்ப இந்த அளவு சற்று ஏறலாம், இறங்கலாம். ஆனால் ஆண்டுக்கு இரண்டே மூட்டை வாங்கிய ஊராட்சியின் பதிவேடு எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், அந்த ஊர் மக்கள் பல மாதங்கள் கிருமி நீக்காத தண்ணீரைக் குடித்திருக்கின்றனர் என்பதையே அது தெரிவிக்கிறது.

நமது பணிக்காலத்தில் அத்தகைய ஊராட்சி ஒன்றைக் கண்டதுண்டு. வாங்கியது இரண்டு மூட்டை, விலையும் நியாயமானது, ரசீதும் முறையானது. ஒரு காசும் யார் கைக்கும் போகவில்லை. மூட்டையைக் காட்டுமாறு கேட்டபோது, மாடிப்படியின் கீழே அது கட்டியாக இறுகிக் கிடந்தது. தொட்டி இயக்குநர் மறைக்காமல் காரணம் கூறினார்: "தண்ணியில் வாடை வருதுன்னு தாய்மாருங்க சத்தம் போடுறாங்க ஐயா. அதனால் போடுறதை விட்டுட்டேன்." அவரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அந்தப் பதிவேட்டில் மாதந்தோறும் கையொப்பமிட்டவர்கள் இருப்பு ஏன் குறையவில்லை என்று ஒரு முறையேனும் கேட்டிருந்தால், வாடைக்கும் அளவுக்கும் உள்ள தொடர்பை மக்களுக்கு விளக்கிச் சொல்ல வழி பிறந்திருக்கும். திருட்டைப் பிடிப்பதற்கே கணக்கு என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். திருட்டே இல்லாத இடத்திலும் தீங்கு நேரும் என்பதற்கு இது சான்று. பவுடர் பழையதாக ஆக அதன் வீரியம் குறையும் என்பதையும் மறக்கலாகாது. மூட்டையின் மீது வாங்கிய தேதியை எழுதி வைப்பது நன்று. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தர அளவு. குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவியைக் கொண்டு இதனை எவரும் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

மின் கட்டணச் சீட்டையும் இவ்வாறே படிக்கலாம். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது மணிக்கு நாலரை முதல் ஐந்து யூனிட் வரை மின்சாரம் இழுக்கும். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 800 முதல் 900 யூனிட் ஆகும். இயக்கப் பதிவேட்டில் எழுதிய நேரமும் மீட்டர் காட்டும் யூனிட்டும் இணங்கவில்லையெனில், மாதக் கடைசியில் உட்கார்ந்து கற்பனையாக நேரம் எழுதப்பட்டிருக்கலாம், அல்லது அந்த இணைப்பிலிருந்து வேறு எங்கோ மின்சாரம் போகலாம். நேரமும் யூனிட்டும் இணங்கியே ஏறிச் செல்லுமாயின் செய்தி வேறு. முன்பு மூன்று மணியில் நிரம்பிய தொட்டி இப்போது ஐந்து மணி எடுக்கிறது. நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், அல்லது பம்பு தேய்ந்திருக்கும், அல்லது குழாய் எங்கோ கசியும். கோடையில் மோட்டார் எரிந்து, ஊரே குடத்தோடு சாலையில் நிற்பதற்கு மூன்று மாதம் முன்னதாகவே அந்தச் சீட்டு நம்மை எச்சரித்துவிடுகிறது.

இனி, கட்டுமான வேலைகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஊராட்சிப் பணத்தில் பெரும் பகுதி இதில்தான் செல்கிறது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் சாலை போட 45 கனமீட்டர் கான்கிரீட் வேண்டும். கனம் 12 சென்டிமீட்டராகக் குறைந்தால் 36 கனமீட்டரே போதும். மூன்று சென்டிமீட்டர், அதாவது கட்டைவிரல் பருமன் அளவுக்கு ஏதோ கொஞ்சம் கூடக்குறைய. ஆனால் ஐந்தில் ஒரு பங்குப் பொருள் போய்விட்டது. நீளத்தையும் அகலத்தையும் எப்போது வேண்டுமானாலும் எவரும் அளக்கலாம். கனத்தையோ, சாலை இறுகியபின் துளையிட்டுப் பார்த்தாலன்றி அறிய முடியாது. அளவுப் புத்தகத்தில் எழுதியதே வேதவாக்காகிவிடுகிறது. ஆகவே, பின்னால் பார்க்க முடியாததை முன்னால் பார்த்துவிட வேண்டும். கான்கிரீட் கொட்டுவதற்கு முதல் நாள் மாலை பக்கப் பலகையின் உயரத்தை அளந்து பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அளவுகோல் போதும். அந்தத் தெருவின் வார்டு உறுப்பினரும் தெருவாசிகள் இருவரும் உடன் நின்று அளந்து, தேதியிட்டுக் கையொப்பமிட்டால் ஓவர்சீயருக்கும் அது பாதுகாப்பே. நேர்மையான ஓவர்சீயர் எவரும் இதனை வெறுத்ததை நாம் கண்டதில்லை.

அடித்தளத்தின் ஆழம் இதே வகையைச் சேர்ந்தது. ஆழ்துளைக் கிணற்றின் ஆழமும் அவ்வாறே. 600 அடி என்று பட்டியல் வருகிறது; யார் இறங்கிப் பார்ப்பது? ஆனால் துளையிடும் வண்டியில் உள்ள ராடு ஒன்று பெரும்பாலும் 20 அடி நீளமுடையது. முதலில் ஒரு ராடை அளந்துகொண்டு, வேலை முடிந்து ராடுகளை மேலே எடுக்கும்போது எண்ணிக்கொண்டே வந்தால் போதும். முப்பது வந்தால் 600 அடி. ஊரில் இரவெல்லாம் அதனை வேடிக்கை பார்க்கச் சிறுவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். எண்ணுவதற்கு ஆள் பஞ்சமில்லை.

இத்தனைக்கும் அடிப்படை என்னவென்றால், ஒரே கை எல்லாவற்றையும் செய்யலாகாது என்பதே. பொருள் வேண்டும் என்று சொல்பவர், வாங்குபவர், எடை பார்த்துப் பெற்றுக்கொள்பவர், பணம் தருபவர் ஆகிய நால்வரும் வெவ்வேறானவராக இருப்பது பெரிய நிறுவனங்களில் எளிது. ஊராட்சி அலுவலகத்தில் இருப்பவரோ செயலர் ஒருவர். அவரே எழுதுகிறார், அவரே வாங்கி வருகிறார், அவரே இருப்பில் ஏற்றுகிறார். அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. தனியொருவரின் தலையில் இத்தனை பொறுப்பையும் ஏற்றுவது அவருக்கே இடர் என்கிறோம். தெருவிளக்கோ குழாயோ வந்து இறங்கும்போது, அது எந்த வார்டுக்குரியதோ அந்த வார்டு உறுப்பினர் எண்ணிப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை.

இங்கே மற்றொன்றையும் மறைக்காமல் கூறுதல் வேண்டும். 2016இல் செய்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சிப் பதவிகளில் சரிபாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நல்ல முறையில் நிர்வாகம் நடத்திய தலைவிகள் பலர் உண்டு. ஆயினும் சில ஊர்களில் கையொப்பம் தலைவியுடையதாகவும் முடிவு கணவருடையதாகவும் இருந்துவருவதை நாம் அறிவோம். ஆட்சேபணை வரும்போது பதில் சொல்லக் கடமைப்பட்டவர் கையொப்பமிட்டவரே. காசோலைப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தவரை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. சகோதரிகள் தாம் படித்துப் பாராத எதிலும் கையொப்பமிட மறுக்க வேண்டுகிறோம்.

குறை பிறரிடம் மட்டுமே உள்ளது என்று வாசகர்கள் கருதவேண்டாம். 2016 முதல் 2019 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத காலத்தில், ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர்களாக வட்டார வளர்ச்சி அலுவலர்களே பொறுப்பேற்றிருந்தோம். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. மேற்பார்வை செய்யவேண்டிய கையும் காசோலையில் கையொப்பமிடும் கையும் அப்போது ஒன்றாகிவிடுகின்றன. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள் எனக் கொண்டால், ஒருவர் ஒவ்வொன்றையும் நேரில் பார்ப்பது இயலாத காரியம். எவ்வளவு கண்ணியமான அலுவலராயினும், தம்மைத் தாமே மேற்பார்வையிட முடியாது. அத்தகைய காலங்களில் கிராம சபை ஒன்றே மிஞ்சும் மறுகண். அதனைச் சடங்காக நடத்துதல் அலுவலருக்கே ஆபத்து.

இந்த ஞானம் நமக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள் யாவரும் அறிந்தவை. குடவோலை முறையைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறோம். அதில் உள்ள தடுப்புமுறைகளையே நாம் வியக்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெறலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் இடம்பெறலாகாது. குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பதை அறியாத சிறுவனே ஓலையை எடுக்க வேண்டும். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும்; பிறகு உரக்கப் படிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்துவைக்கும் வாய்ப்பையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்! வாங்குபவர் கெட்டவர் என்று அவர்கள் கருதவில்லை. எவராயினும் விரலை விரிக்கட்டும் என்றனர். அந்தச் சபை நிலமுடைய அந்தணர்களின் சபை. உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் கொள்ளத்தக்கது அதன் முறையையே.

எல்லோரும் அமர்ந்து கேட்கும் சபை நம் காலத்தது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானத்தின் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு ஊர்ப் பணிகளின் கணக்கை மக்கள் முன்னே வாசித்துக் காட்டியது. தத்தம் பெயர், தத்தம் ஊர் என்று கேட்டவுடன், எழுத்தறியாதவரும் 'இது நடந்தது, இது நடக்கவில்லை' என்று சாட்சி சொல்ல முடிந்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்துக்கும், அவ்வாண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் 17ஆம் பிரிவாக இடம்பெற்ற சமூகத் தணிக்கைக்கும் அத்தகைய கூட்டங்கள் வழிகோலின.

நமது கிராம சபைகளிலோ வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று மொத்தத் தொகையைப் படித்து முடித்துவிடுகின்றனர். 14 லட்சம் என்று கேட்பவருக்கு அதனை ஒப்பிட்டுப் பார்க்க யாதொரு அளவுகோலும் இல்லை. 'தெற்குத் தெருவில் 12 விளக்குகள் மாற்றப்பட்டன' என்று படித்துப் பாருங்கள். தெற்குத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, ஒன்பதுதான் எரிகிறது என்பார். அவர் எழுந்து நின்றதைத் தலைவருக்கு எதிரான காரியமாகக் கருதாமல், அவர் சொன்னதை அங்கேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மறுநாள் போய் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணமே செலவாகாத இடர்களும் அச்சபையில் வாசிக்கத்தக்கவை. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2010இல் வழிமுறைகளை வகுத்து, ஊர் அளவில் அவற்றின் விவரம் பேணப்பட வேண்டும் என்றது. அதற்குப் பின்னும், 2019 அக்டோபரில் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் அத்தகைய துளையில் விழுந்த 2 வயதுக் குழந்தையை உயிருடன் மீட்க இயலவில்லை. எத்தனை துளைகள், யாருடைய நிலத்தில், மூடியவை எவை, மூடாதவை எவை என்ற பட்டியலைத் தயாரிக்க ஒரு குயர் நோட்டும் நான்கு நாள் நடையும் போதும். அதனை வார்டு வாரியாகச் சபையில் படித்தால், விடுபட்டதை அடுத்த வரப்புக்காரரே சொல்லிவிடுவார்.

ஆகவே அடுத்த கிராம சபைக்குச் செல்லும்போது தலைவர்கள் ரொக்கப் புத்தகத்தோடு பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேட்டையும், மோட்டார் இயக்கப் பதிவேட்டையும், ஆழ்துளைக் கிணறுகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டுகிறோம். பவுடர் மூட்டையைத் திறந்த தேதியையும் இன்றைய இருப்பையும் தொட்டியின் தூணிலேயே சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைக்கலாம். வாரந்தோறும் அழித்து எழுதும் பொறுப்பை அத்தெருவின் மகளிர் குழுவினர் ஏற்றுக்கொள்வர். தண்ணீரில் வாடை என்று முதலில் குரல் கொடுப்பவரும் அவர்களே ஆதலால், எத்தனை கிராம் போடுவது, ஏன் போடுவது என்ற விளக்கத்தை அவர்களிடமே முதலில் சொல்லிவிட வேண்டும்.