எச்.ஐ.வி. பாடமும் வகுப்பறை ஒதுக்குதலும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'உடல்நலம் மற்றும் நோய்கள்' பாடத்தில் எய்ட்ஸ் பற்றிய பகுதி சிறியது. பரவும் வழிகள், அறிகுறிகள், தடுப்பு முறைகள் என்று அரைப் பாடவேளையில் முடித்துவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. 'எவ்வாறு பரவாது?' என்று கேட்டால் மாணவர்களும் தவறில்லாமல் எழுதிவிடுகிறார்கள். அதே மாணவர்களிடம், "எச்.ஐ.வி. உள்ள ஒருவர் கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். தேர்வுக்குப் படித்தது அந்த இடத்தில் உதவுவதில்லை. ஆகவே இப்பகுதிக்கு இரண்டு பாடவேளைகளாவது ஒதுக்கலாம்.

முதலில் இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவருடைய மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. தொற்று முதலில் தெரியவந்தது பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம். வைரஸைப் பற்றிய செய்தி அன்றே ஒழுக்கத்தைப் பற்றிய செய்தியாக மாறிவிட்டது. மண்டை ஓடும் எலும்பும் போட்ட சுவரொட்டிகள் அதை மேலும் வளர்த்தன. கணவரிடமிருந்து தொற்று பெற்ற பெண்ணும், பிறக்கும்போதே தொற்று பெற்ற குழந்தையும் அந்தப் பழியைச் சேர்த்தே சுமக்கிறார்கள்.

அடுத்து, காரணத்தோடு கற்பிப்பது. 'கொசுவால் பரவாது' என்று சொன்னால் மட்டும் பிள்ளைகள் நம்புவதில்லை. மலேரியா பரவுகிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. எச்.ஐ.வி.யால் கொசுவின் உடலில் பெருக முடியாது. இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகிறது. கொசு கடிக்கும்போது உள்ளே செலுத்துவது தன் உமிழ்நீரைத்தான், முன்பு குடித்த இரத்தத்தை அன்று. இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சிகிச்சையைப் பற்றியும் விரிவாகப் பேச வேண்டும். கூட்டு மருந்து எனப்படும் ஏ.ஆர்.டி. சிகிச்சை 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படுகிறது. தொடங்கிய முதல் மையங்களில் நம் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால் உடலுறவு வழியாகக்கூடப் பிறருக்குத் தொற்று பரவாது. சிகிச்சையே இல்லாவிட்டால் தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்குத் தொற்று ஏற்படலாம். உரிய சிகிச்சையால் அதை 5க்கும் கீழே கொண்டுவர முடிகிறது. 'எச்.ஐ.வி. என்றால் மரணம்' என்ற பழைய வாசகத்தை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது சரியன்று.

பயிற்சிகளில் அடிக்கடி நடத்தப்படும் ஒரு விளையாட்டு உண்டு. எல்லாரும் கைகுலுக்குவார்கள், கடைசியில் சீட்டைப் பிரித்து, யாருக்கெல்லாம் 'தொற்று' வந்தது என்று அறிவிப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கைகுலுக்கினால் பரவாது என்று சொல்லிவிட்டு, கைகுலுக்கலையே பரவலுக்கு அடையாளமாக வைக்கிறோம். 'தொற்று' சீட்டு வந்த பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அதற்குப் பதில் வினாப்பெட்டி வைக்கலாம். பெயரில்லாமல், எல்லாரும் கட்டாயம் ஒரு சீட்டு போட வேண்டும். கேள்வி இல்லாதவர் 'இல்லை' என்று எழுதிப் போடலாம். அப்போதுதான் யார் கேட்டார் என்பது தெரியாது.

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 2017, பள்ளிகளுக்கும் பொருந்தும். இது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. தொற்றைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுப்பதும், தனியே உட்கார வைப்பதும், பரிசோதனைச் சான்று கேட்பதும் இச்சட்டப்படி கூடாதவை. தொற்றுள்ளவரோடு ஒரே வீட்டில் வாழும், தொற்றில்லாத பிள்ளைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. தன் நிலையை வெளியிடுமாறு யாரையும் நாம் வற்புறுத்த முடியாது. பெற்றோர் நம்பிச் சொன்னால் அது நம்மோடு நிற்க வேண்டும். ஆசிரியர் அறையில், 'நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று தொடங்கும் பேச்சில்தான் பெரும்பாலும் இரகசியம் உடைகிறது. மருந்து வாங்கும் நாளில் விடுப்பு எடுக்கும் மாணவரிடம் வகுப்பின் முன் காரணம் கேட்பதும் அப்படியே.

'விளையாடும்போது அடிபட்டு இரத்தம் வந்தால்?' என்பது நம்மில் பலருக்குள்ள கேள்வி. முதலுதவிப் பெட்டியில் கையுறை இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு இரத்தம் வந்தாலும் அதை அணிந்தே காயத்தைத் துடைத்துக் கட்டுவோம். எல்லாருக்கும் ஒரே முறை என்றால், யாருக்குத் தொற்று என்று நாம் அறிய வேண்டிய தேவையே எழாது.

வினாப்பெட்டியில், 'அம்மா தினமும் அந்த மாத்திரை சாப்பிடுகிறார், என்ன ஆகும்?' என்று ஒரு சீட்டு வரலாம். கையெழுத்தை வைத்து ஆளைத் தேட வேண்டாம். சீட்டை அப்படியே வாசிக்காமல், "மாத்திரையை விடாமல் சாப்பிடுபவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை வளர்க்கிறார்கள், பேரன் பேத்தியையும் பார்க்கலாம்" என்று பொதுவாகப் பதில் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தைப் பற்றிச் சொல்லி, 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணைக் கரும்பலகையில் எழுதுங்கள். அன்று மாலைவரை அழிக்காமல் விட்டுவிடுங்கள்.