கால்வாய்க்கு ஏற்ற கப்பல்



இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியசுக்குக் குளிர வைத்தால் திரவமாகும். கன அளவும் சுமார் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். (நம்ம வீட்டு சிலிண்டரில் இருப்பது இது இல்லை, அது எல்.பி.ஜி.) இதை அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலிருந்து ஜப்பானுக்குக் கொண்டு போகக் குறுக்கு வழி பனாமா கால்வாய்.

1914-ல் திறந்த அந்தக் கால்வாயில் கப்பலை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள் உண்டு. அவற்றை 'லாக்' என்பார்கள். அகலம் 33.5 மீட்டர்தான். கப்பலில் உள்ள உருண்டைத் தொட்டியின் ஆரம் 20 மீட்டர் என்றால் விட்டமே 40 மீட்டர். எப்படி நுழையும்? ஆப்பிரிக்காவைச் சுற்றியோ, சூயஸ் வழியாகவோதான் போகணும்.

2016-ல் 55 மீட்டர் அகலத்தில் புது லாக் திறந்தார்கள். முதலில் 49 மீட்டர் அகலக் கப்பல் வரைதான் அனுமதி. அந்த அகலத்துக்குள் நிறைய வாயு ஏற்றுவது எப்படி?

உருண்டை அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். ஆனா 2r பக்கமுள்ள கனசதுரப் பெட்டிக்குள் உருண்டை வைத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நிரம்பும். மீதி வீண். இதற்கு இரண்டு வழி:

1. கப்பலின் உள்வடிவத்துக்கே மெல்லிய உலோகத் தகடு பதித்த பெட்டித் தொட்டி.

2. ஜப்பானின் மிட்சுபிஷி செய்த ஆப்பிள் வடிவத் தொட்டி. அகலம் கூடாமலே கொள்ளளவு கூடியது.

கத்தாரின் மிகப் பெரிய வாயுக் கப்பல்களின் அகலம் சுமார் 54 மீட்டர். புது லாக்கிலும் அவை போக முடியாது. பெருசா கட்டினா மட்டும் போதாது, போகிற வழியையும் அளக்கணும்!

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே சொன்ன உருண்டைத் தொட்டி 4 இருந்தால் மொத்தக் கன அளவு என்ன?