ஊருணியை மீட்க ஊருக்குள்ளேயே என்ன இருக்கிறது?

ஊருணிக்காகக் குரல் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நிதிக்கு அலைவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். செட்டிநாட்டில் அது தலைகீழ் வேலை. ஊரில் ஏற்கெனவே இருப்பதை முதலில் தேடிப் பட்டியல் போடுங்கள்.

தண்ணீர் வந்த வழியை நடந்து பார்ப்பதுதான் தொடக்கம். பெரிய வீடுகளின் ஓட்டிலும் முற்றத்திலும் விழுந்த மழை தெருக் கால்வாய் வழியே ஊருணிக்குப் போகும்படிதான் இந்த ஊர்களைக் கட்டினார்கள். அதனால் கரையை மட்டும் சுற்றி வந்தால் போதாது. மழை பெய்யும்போதே குடையோடு கிளம்புங்கள். வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே சுவர் எழும்பியிருக்கிறது என்பதைத் தேங்கி நிற்கும் தண்ணீரே காட்டிவிடும். அந்த ஊருணியில் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்த ஓர் ஆச்சியையும் கூட்டிப் போங்கள். அவர் சொல்வதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டுப் பாருங்கள். ஊருணிக்கு ஒரு புல எண்ணும் வரத்துக்காலுக்கு வேறு எண்ணும் இருக்கலாம்; மனுவில் ஒன்றை விட்டால் அது கைநழுவிப் போகும். கிராமத்து ஊருணி என்றால் மனு ஊராட்சிக்கு, காரைக்குடி நகருக்குள் என்றால் மாநகராட்சிக்கு. ஆவணம் தராமல் இழுத்தடித்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்து ஆளில்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த வீடுகளுக்குரிய நகரத்தாரில் மணமான ஒவ்வொரு தம்பதியும் கணக்கில் ஒரு புள்ளி; ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றில் அவர்களுக்குப் பதிவு உண்டு. சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருப்பவரை எட்டுவதற்குக் கோயில் காரியக்காரரைப் பிடிப்பதே சுருக்கு வழி. கல்யாணத்துக்கோ முன்னோருக்கான படைப்புக்கோ வந்து பங்காளிகள் ஒன்றாக உட்காரும் நாளில் பேசுங்கள். எடுத்த எடுப்பில் பணம் கேட்காதீர்கள். "ஐயா, இந்த ஊருணிக்குச் செலவு எழுதின பழைய கணக்கு உங்க வீட்ல இருக்குங்களா?" என்று கேளுங்கள். பெட்டகத்தைத் திறந்து தேடத் தொடங்கிய குடும்பம் பிறகு ஒதுங்கி நிற்காது.

ஆனால் அவர்களோடு நிறுத்திவிடக் கூடாது. சாதியின் பெயரால் எந்தத் தெருவைக் குடிநீர்க் கரையில் கால்வைக்க விடாமல் தடுத்தார்களோ, அந்தத் தெருவுக்கு ஊர்க் கூட்டம் தொடங்கும் முன்பே போய்ப் பேசுங்கள். மீட்ட தண்ணீர் எல்லாருக்கும் பொது என்பது மனுவின் முதல் வரியாக இருக்கட்டும். மற்ற எதில் வளைந்து கொடுத்தாலும் இதில் வளையக் கூடாது. மகளிர் குழுக்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மஞ்சுவிரட்டு நடத்தும் இளைஞர்கள் எல்லாரும் உங்கள் பட்டியலில் வர வேண்டும்.

நிறுவனங்களிடம் திறமையைக் கேளுங்கள். குன்றக்குடி அடிகளார் தம் ஊரின் கிராமத் திட்டத்துக்குக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகளைத் துணைசேர்த்துக்கொண்டார். அந்த நிலையமே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இங்கே வந்தது. வரைபடம் தயாரிக்கவும் வீடு வீடாகக் கணக்கெடுக்கவும் அழகப்பா பல்கலைக்கழக மாணவர்களை அழைக்கலாம்.

கடைசியாகக் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஊருணிக்குத் தோதான நாள். இரண்டு புல எண்களும் தீர்மானத்தில் ஏறியிருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்து, நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.