கோழிக்கொட்டகைக்கு நார்த்தூள் படுக்கை

பல்லடம், உடுமலை வட்டாரங்களில் கறிக்கோழிப் பண்ணை இல்லாத ஊர் அரிது. காங்கயம் பக்கம் சென்றால், மஞ்சி ஆலைகளின் அருகே நார்த்தூள் குன்றெனக் குவிந்து கிடக்கக் காணலாம். முன்னதற்கு வேண்டிய படுக்கைப் பொருள் பின்னதில் கழிவாகக் கிடக்கிறது. உமியும் கடலைத் தோலும் கிடைக்காத மாதங்களில் இது பெருந்துணை.

ஆயினும் குவியலிலிருந்து அள்ளி வந்து அப்படியே பரப்புதல் தவறு. ஒரு மழைக்காலத்தில் நாம் பார்வையிட்ட கொட்டகையில் அவ்வாறே செய்திருந்தனர். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. படுக்கை அடைபோல் இறுகியிருந்தது. குஞ்சுகளின் பாதங்களில் அது உருண்டையாக ஒட்டிப் புண்ணாக்கியிருந்தது. பண்ணையாளரோ நோயென எண்ணி மருந்துக்குச் செலவிட்டுக் கொண்டிருந்தார். ஈரமே காரணம். நார்த்தூள் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். குவியலின் மேற்புறம் காய்ந்து தோன்றினும் உட்புறம் நனைந்தே இருக்கும். எச்சத்துடன் ஈரம் கூடினால் அம்மோனியா ஆவி எழும்.

ஆகவே களத்தில் இரண்டு அங்குலத்திற்கு மேற்படாமல் பரப்பி, நாள்தோறும் கிளறி, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையை விரித்தவுடன் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் காயவில்லை. பிறகு சல்லடையில் சலித்து, நீண்ட நாரையும் மென்தூசியையும் நீக்குக. நார் காலில் சுற்றும். தூசி மூச்சைக் கெடுக்கும். (பனியன் கழிவுத் துணியைப் படுக்கையாக இடலாமா என்று சிலர் வினவுகின்றனர். நூல் காலில் சுற்றுமாதலால் வேண்டா.) உப்பு நீரில் ஊறிய மட்டையின் தூளாயின், நன்னீரில் அலசிய பின்னரே உலர்த்துக. குஞ்சு அதைக் கொத்தித் தின்றால் தாகம் மிகுந்து, எச்சம் நீர்த்துவிடும்.

அலசிய செந்நீரைக் கிணற்றுப் பக்கமோ குட்டைக்கோ விடலாகாது. இதில் ஊராட்சி உறுப்பினர்கள் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். நார் ஆலைகளை மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றியதற்கு நிலத்தடி நீர் பற்றிய கவலையே முதன்மையானது.

தரையில் இரண்டு, மூன்று அங்குலம் பரப்பி, முதல் இரு நாட்களுக்கு மேலே செய்தித்தாள் விரிக்கலாம். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த பகுதியை அன்றன்றே அள்ளி, காய்ந்த தூளை இடுக. உலர்ந்த தூள் எளிதில் தீப்பற்றுமாதலால் கணப்படுப்பை எட்டவே வைக்க வேண்டும்.

கோழி விற்றபின் படுக்கையை வீணாக்கற்க. பச்சை நார்த்தூளில் தழைச்சத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல் கரி இருப்பதால், அது தனியே எளிதில் மட்காது. எச்சம் கலந்ததோ தழைச்சத்தைத் தானே கொண்டுள்ளது. நிழலில் குவித்து, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டி, சூடு தணிந்த பின் தென்னம்பாத்திக்கு இடலாம்.