வீட்டுக் கோழிகளுக்குப் புளிக்க வைத்த தீன்

நெற்செய்கையும் காய்கறிச் செய்கையும் நடத்தும் குடும்பங்கள் பல, வளவிற் பத்துக் கோழிகளையேனும் வளர்த்து வருகின்றன. அறுவடை முடிந்த சில கிழமைகளுக்குக் களத்திற் சிந்திய நெல்லும் வயலிற் கிடைக்கும் புழுப்பூச்சிகளும் அவற்றுக்குப் போதியனவாகும். அதன் பின்னர் தீனை விலை கொடுத்து வாங்க நேரிடும். முட்டை விற்றுப் பெற்ற பணம் முழுவதும் தீனுக்கே செலவாகுமாயின், கோழி வளர்ப்பினால் வீட்டுக்கு ஆவது யாதொன்றும் இல்லை. ஆதலின் கையிலுள்ள குருணலையும் தவிட்டையும் கோழியின் உடலிற் கூடுதலாகச் சேரும்படி செய்தல் கமக்காரருக்கு இலாபந் தருவதாகும். அதற்குரிய எளிய வழிகளுள் ஒன்று, தீனைப் புளிக்க வைத்துக் கொடுத்தல்.

இம்முறைக்குப் பொறி எதுவும் வேண்டியதில்லை. எனினும் ஒழுங்கும் துப்புரவும் இன்றியமையாதன. நன்கு புளித்த தீன் நன்மை தரும். அரைகுறையாகப் புளித்ததும் பழுதுற்றதும் கோழிகளை நோயில் வீழ்த்தும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்த பின்னரே இம்முறையைக் கைக்கொள்ளல் வேண்டும்.

புளித்தல் என்பது யாது?

தோசைக்கு அரைத்த மா ஓரிரவிற் பொங்கிப் புளிப்பதையும், நீர் விட்டு வைத்த பழஞ்சோறு காலையிற் புளிப்பதையும், அப்பத்துக்குக் குழைத்த மா கள்ளுச் சேர்த்ததும் நுரைத்து எழுவதையும் எல்லோரும் அறிவர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் தொழிலே இது. தானியத்தோலில் இயல்பாகவே உள்ள பற்றீரியாக்களுட் சில, ஈரம் கிடைத்தவுடன் பெருகித் தானியத்திலுள்ள வெல்லத்தை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றன. தயிருக்குப் புளிப்பைத் தருவதும் இவ்வமிலமே. அமிலம் மிகுந்ததும், தீனை அழுகச் செய்யும் கிருமிகள் அங்கு வாழ இயலாது ஒடுங்குகின்றன. ஆகவே புளிப்பே தீனுக்குக் காவலாகும்.

அதனால் விளையும் நன்மைகள்

தவிட்டில் பொசுபரசு மிகுதியாக உண்டு. ஆயினும் அதிற் பெரும்பகுதி பைற்றிக்கமிலத்தோடு பிணைந்து கிடப்பதால் கோழியாற் பெறப்படாது எச்சத்தோடு கழிந்து விடுகிறது. அவ்வமிலம் சுண்ணாம்புச் சத்தையும் நாகச் சத்தையும் பற்றிக்கொள்ளும் இயல்பும் உடையது. ஊறிப் புளிக்கும்போது இப்பிணைப்பு ஓரளவு தளர்ந்து, அச்சத்துக்கள் கோழிக்குக் கிடைக்கின்றன.

மேலும், உலர்ந்த தவிடு காற்றிற் பறந்தும் கோழிகள் கிளறிச் சிதறியும் வீணாகும். ஈரமான தீனில் இச்சேதம் குறைவு. புளித்தீன் உண்ணும் கோழியின் கண்டப்பையிலும் அமிலத்தன்மை மிகுவதால், சல்மொனெல்லா போன்ற கிருமிகள் அங்கு பெருகுவது தடைப்படும்.

இவையே எதிர்பார்க்கத்தக்க பயன்கள். புளித்தீன் கொடுத்தவுடன் முட்டை இருமடங்காகும் என நம்புதல் தவறு.

தீனுக்குரிய பொருள்கள்

வளவில் உலாவி இரை தேடும் பத்துப் பேட்டுக் கோழிகளுக்கு ஒரு நாளைக்குப் பின்வரும் கலவை ஏற்றதாகும்:

அரிசிக் குருணல் அல்லது உடைத்த சோளம் – 200 கிராம்
புதிய தவிடு – 200 கிராம்
தேங்காய்ப் பிண்ணாக்கு – 100 கிராம்

இவை மூன்றும் பானையிற் புளிக்க வைப்பதற்குரியன. இக்கலவையிற் புரதம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவிலேயே உள்ளது. முட்டையிடும் கோழிக்கு நூற்றுக்குப் பதினாறு பங்கு வேண்டும். ஆதலின் தீனிடும் வேளையில் 50 கிராம் மீன் தூள் சேர்த்தல் நன்று. மீன் தூளைப் பானையில் இட்டுப் புளிக்க வைத்தலாகாது. அது அழுகிக் கெடும். உப்பிட்ட கருவாட்டை இடித்துச் சேர்ப்பதும் தீது. மிகுந்த உப்பு கோழிக்கு நஞ்சாகும்.

சிப்பி ஓட்டுத் தூளையும் பானையில் இடுதல் கூடாது. சுண்ணாம்புப் பொருள் அமிலத்தை முறித்துவிடுமாதலால் தீன் புளியாது பழுதுறும். அதனைத் தனிச் சிரட்டையில் வைத்தால், முட்டையிடும் கோழிகள் வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு. ஆலையிலிருந்து வந்து சில நாட்கள் கழிந்தால் அது சிக்கு நாற்றம் எடுக்கும். ஆகவே தவிட்டைச் சிறிது சிறிதாக வாங்குதல் நன்று. பூச்சிநாசினியோ பங்கசுநாசினியோ கலந்த விதை நெல்லில் மீந்ததைக் கழுவியேனும் கோழிக்கு இடலாகாது. அண்மையில் மருந்து தெளித்த காய்கறிப் பாத்தியிலிருந்து பறித்த இலைகளையும் அவ்வாறே விலக்குக.

பாத்திரமும் நீரும்

மண்பானை அல்லது உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி தகுந்தது. நாகம் பூசிய தகர வாளி, செப்புப் பாத்திரம், அலுமினியப் பாத்திரம் ஆகியவற்றை அமிலம் அரித்து உலோகத்தைத் தீனிற் சேர்த்துவிடும், அவற்றை விலக்குக. பூச்சிநாசினி இருந்த கொள்கலனை எவ்வளவு கழுவினும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

நன்னீர்க் கிணற்று நீர் மிகவும் ஏற்றது. கரையோரப் பகுதிகளிலுள்ள உவர்க் கிணற்று நீரை உபயோகித்தல் கூடாது. குளோரீன் இட்ட குழாய் நீராயின், வாயகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்த பின்னர் எடுக்கலாம். குளோரீன் புளிப்பை உண்டாக்கும் பற்றீரியாக்களையும் கொல்லும் என்பதே இதற்குக் காரணம்.

தயாரிக்கும் முறை

முதல் நாட் காலையில் குருணல், தவிடு, உதிர்த்த பிண்ணாக்கு ஆகியவற்றைப் பானையில் இட்டு, ஏறக்குறைய 1 லீற்றர் நீர் வார்த்துக் கலக்குக. நீர் தீனுக்கு மேல் இரண்டு விரற்கடை உயரம் நிற்றல் வேண்டும். தவிடும் பிண்ணாக்கும் நீரை உறிஞ்சிப் பொருமுமாதலால், மாலையில் மீண்டும் நோக்கிக் குறைந்த அளவுக்கு நீர் சேர்க்க. முதன்முறை தயாரிக்கும்போது புளித்த மோர் நாலைந்து கரண்டி உறையாக விடுதல் நன்று.

பானையின் வாயைத் துணியால் மூடிக் கட்டி நிழலில் வைக்க. இறுக அடைத்தால் உள்ளே உண்டாகும் வாயு வெளியேற வழியிராது. காலையும் மாலையும் துப்புரவான அகப்பையால் அடிவரை கிளறி, மிதப்பவற்றை நீருள் அமிழ்த்துக. நீருக்கு மேலே நிற்கும் தீனிலேயே பூஞ்சணம் முதலிற் பற்றும்.

வெப்பமான தாழ்நிலப் பகுதிகளில் தீன் இரண்டு நாட்களிற் புளித்து ஆயத்தமாகும். மலைநாட்டுக் குளிரில் மூன்று அல்லது நான்கு நாட்கள் செல்லலாம். ஆயத்தமான தீனில் சிறு குமிழிகள் எழும். தோசை மாவின் புளிப்பு மணம் வீசும்.

நாள்தோறும் தீன் கிடைப்பதற்கு மூன்று பானைகள் வேண்டும். திங்கட்கிழமை முதற் பானையிலும், செவ்வாய்க்கிழமை இரண்டாம் பானையிலும், புதன்கிழமை மூன்றாம் பானையிலும் தீனை ஊற வைக்க. புதன் காலையில் முதற் பானை ஆயத்தமாகும். அதனை வெறுமையாக்கிக் கழுவி ஒரு நாள் வெயிலிற் காயவிட்டு, வியாழக்கிழமை மீண்டும் நிரப்பலாம். ஒரே பானையிற் பழைய தீனின்மேற் புதிய தீனை நாள்தோறும் கொட்டிவரும் வழக்கம் நல்லதன்று. அடியிற் கிடப்பது அளவுக்கு மிஞ்சிப் புளித்து மதுவ நாற்றம் எடுக்கும். மேலே கிடப்பது புளியாதிருக்கும்.

அரைப்புளிப்பின் ஆபத்து

இத்துண்டுப்பிரசுரத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுவாகும். தானியம் நனைந்த முதற் சில மணி நேரத்தில் நல்ல பற்றீரியாக்கள் மட்டுமன்றித் தீய கிருமிகளும் சேர்ந்தே பெருகுகின்றன. அமிலம் போதிய அளவு உண்டான பின்னரே தீயவை ஒடுங்கும். ஆகவே மாலையில் நனைத்துக் காலையில் எடுத்த தீன், உலர்ந்த தீனிலும் கூடிய கிருமிகளை உடையதாக இருத்தல் கூடும். குமிழி எழுவதை மட்டும் கொண்டு தீன் ஆயத்தமெனத் துணிதல் தவறு. குமிழி தீய கிருமிகளாலும் எழும். தெளிவான புளிப்பு மணமே அடையாளம்.

இந்த இடர்க் காலத்தைக் குறுக்குவதற்கு உறை உதவும். ஆயத்தமான பானையில் வடித்த நீரில் ஒரு கோப்பை எடுத்துப் புதிய பானையில் விட்டால், அமிலமும் நல்ல பற்றீரியாக்களும் தொடக்கத்திலேயே சேர்ந்துவிடும். புளிப்பு விரைவில் ஏறும். எனினும், பழுதுற்ற பானையின் நீரை ஒருபோதும் உறையாக எடுக்கலாகாது.

பழுதை அறியும் வகை

மேலே மெல்லிய வெண்படலம் தோன்றினால் அது பெரும்பாலும் மதுவமாகும். அதனை வழித்தெறிந்து, மணம் நன்றாயின் தீனை உபயோகிக்கலாம். பச்சை, கறுப்பு, செம்மை ஆகிய நிறங்களிற் பஞ்சுபோன்ற பூஞ்சணம் தோன்றினால் மேற்பகுதியை மட்டும் நீக்குதல் போதாது. பானை முழுவதையும் கோழிகள் கிளறாதபடி புதைத்தல் வேண்டும். அழுகல் நாற்றமோ சாராய நாற்றமோ வீசினும், தீன் வழுவழுப்பாக நூல் விடினும் அவ்வாறே செய்க. பானையைக் கொதிநீரால் அலம்பி வெயிலில் உலர்த்துக. ஒரு நாட்டீன் போயிற்றே என இரங்கிப் பழுதான தீனை இட்டால், கோழிகளையே இழக்க நேரிடலாம்.

தீனிடும் முறை

புளித்த தீனை வடித்தெடுத்து, மீன் தூளையும் சிறிது உலர்ந்த தவிட்டையும் சேர்த்துப் பிசைக. பிட்டுக்குக் குழைத்த மாப்போல உதிரும் பதம் வருதல் வேண்டும். கூழ்போல நெகிழ்ந்த தீன் கோழிகளின் இறகில் ஒட்டுவதுடன் கூட்டின் தரையையும் நனைக்கும். ஈரத்தரையில் இரத்தக் கழிச்சல் நோய்க் கிருமிகள் பெருகும்.

தீனைக் காலையில் வெயில் ஏறுமுன் இடுதல் நன்று. அரை மணி நேரத்தில் உண்டு முடிக்கும் அளவே இடுக. எஞ்சியதை எடுத்துப் பசளைக் குழியிற் கொட்டித் தொட்டியைக் கழுவுக. நனைந்த தீன் பொருமி இருமடங்குக்கும் மேலாக நிறை கூடுமாதலால், ஈரநிறையைக் கொண்டு அளவிடலாகாது. பானையில் இடுமுன் உலர்ந்த நிறையையே கணக்கிற் கொள்க. புளித்தீன் ஈரமானது என்பதற்காகக் குடிநீரை நிறுத்துதல் பெருந் தவறு. துப்புரவான நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

பழகாத கோழிகளுக்கு முதற் சில நாட்கள் காற்பங்கு புளித்தீனும் முக்காற் பங்கு உலர் தீனும் கொடுத்து, ஒரு கிழமையிற் படிப்படியாக மாற்றுக. மூன்று கிழமை நிரம்பாத குஞ்சுகளுக்கு உலர்ந்த குஞ்சுத் தீனே ஏற்றது.

புளித்தீனால் ஆகாதவை

பூஞ்சணம் பற்றிய தேங்காய்ப் பிண்ணாக்கையும் மழையில் நனைந்து கட்டிபட்ட சோளத்தையும் புளிக்க வைத்தாற் குற்றம் நீங்கும் எனச் சிலர் கருதுவர். இது முற்றிலும் தவறு. அவற்றில் அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சு உண்டாகியிருத்தல் கூடும். ஊற வைத்தலும் புளிக்க வைத்தலும் அவிப்பதும் அந்நஞ்சை நம்பத்தக்க அளவு போக்கமாட்டா. அது ஈரலைக் கெடுத்து முட்டையையும் குறைக்கும். நல்ல தீனை மேலும் நல்லதாக்கவே புளிப்பு உதவும். கெட்ட தீனை அது திருத்தாது.

இராணிக்கெட்டு நோயைப் புளித்தீன் தடுக்கும் என எண்ணித் தடுப்பு மருந்து ஏற்றாது விடுதலும் பேரிழப்பைத் தரும். அந்நோய் வந்தால் வளவிலுள்ள கோழிகள் அனைத்தும் சில நாட்களில் மடிதல் கூடும். தடுப்பு மருந்து பற்றி அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறிக.

வரவு செலவுக் கணக்கு

இம்முறை தம் வளவிற்கு இலாபமானதோ என்பதைக் கமக்காரர் தாமே அளந்து அறிதல் நன்று. தொடங்குமுன் இரண்டு கிழமைக்கு, நாளொன்றுக்கு இட்ட தீனின் உலர்நிறை, அதன் விலை, பெற்ற முட்டை ஆகியவற்றைக் கொப்பியிற் குறிக்க. மாற்றிய பின்னர் நான்கு கிழமைக்கு அவ்வாறே குறித்து, ஒரு முட்டைக்குச் செலவான தீனின் விலையை ஒப்பிடுக. இறகுதிர்த்தலும் அடைகிடத்தலும் முட்டையைக் குறைக்குமாதலால் அவற்றையும் குறித்தல் வேண்டும். செலவு குறையாவிடின், முதலில் மீன் தூளின் அளவையும் தவிட்டின் புதுமையையும் ஆராய்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பூஞ்சணம் பற்றாத தானியத்தையும் புதிய தவிட்டையும் மட்டும் உபயோகிக்க.
2. மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ நன்னீர் விட்டு, தீனுக்கு மேல் இரண்டு விரற்கடை நீர் நிற்கச் செய்க.
3. நாளுக்கு இருமுறை கிளறுக. தெளிவான புளிப்பு மணம் வருமுன் எடுக்கலாகாது.
4. நல்ல பானையில் வடித்த நீரையே அடுத்ததற்கு உறையாக விடுக.
5. மீன் தூளைத் தீனிடும்போது சேர்க்க. சிப்பித் தூளைத் தனியே வைக்க.
6. அரை மணி நேரத்தில் உண்ணுமளவு இட்டு, தொட்டியைக் கழுவுக.
7. ஐயமான தீனைப் புதைத்து விடுக.