விரால் தூண்டில்: இளைஞருக்கு ஒரு பாடம்

மாரிக்காலம் தொடங்கி ஏரியில் நீர் நிரம்பியதும், பள்ளி விட்டு வரும் சிறுவர்கள் மூங்கில் கழியும் மண்புழுச் சிரட்டையுமாகக் கரைக்குச் செல்வதை நாம் பல ஊர்களில் காண்கிறோம். பெரியோர் பலர் இதனை வீண் பொழுதுபோக்கென்று கருதிக் கடிந்துகொள்கின்றனர். கடிவதைக் காட்டிலும் அதனை முறையாகக் கற்பிப்பதே நலம். முறை அறிந்தவன் வீட்டிற்கு ஒரு வேளைக் குழம்புக்கு மீன் கொணர்வான். ஏரிக்கும் ஊறு செய்யான். முறை அறியாதவன் கொணரும் ஒரே ஒரு மீனுக்காக நூற்றுக்கணக்கான குஞ்சுகள் அழிவதும் உண்டு. எவ்வாறு என்பதைப் பின்னர்க் காண்போம்.

நம் ஏரி குளங்களில் தூண்டிலுக்கு உரிய மீன் விரால். இதன் சுவையும், முள் குறைவும், சந்தையில் இதற்குள்ள விலையும் யாவரும் அறிந்தவை. தெலங்கானா இதனையே தன் மாநில மீனாகக் கொண்டுள்ளது. மற்ற மீன்களைப் போலச் செவுள்களை மட்டும் நம்பி இம்மீன் வாழ்வதில்லை. தலையின் இருபுறமும் செவுளுக்கு மேலே காற்றை அடக்கி வைக்கும் அறை ஒன்று இதற்கு உண்டு. அதனால் சிறிது நேரத்திற்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். கோடையில் குளம் வற்றும்போது ஈரச் சேற்றில் புதைந்து உயிர் காப்பதும் இந்த அறையின் உதவியால்தான். காற்றை விழுங்கும்போது எழும் சிறு ஓசையும், அதன் பின் விரியும் நீர் வளையமுமே தூண்டிற்காரனுக்கு முதற் குறிப்பு. ஆகையால் கரைக்குச் சென்றவுடன் தூண்டிலை வீசுதல் கூடாது. கால் மணி நேரம் அசையாது அமர்ந்து நீரைப் பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கு இதுவே கடினமான பகுதி.

இனித் தூண்டிற் கருவிகள். முற்றி உலர்ந்த மூங்கில் கழி, பத்து முதல் பன்னிரண்டு அடி நீளம் உள்ளது, தொடக்கத்திற்குப் போதும். நுனி வளையவும் அடி உறுதியாகவும் இருத்தல் வேண்டும். கழியின் நீளமே நரம்புக்கும் போதிய நீளம். நைலான் நரம்பு பன்னிரண்டு முதல் இருபது பவுண்டு இழுவை தாங்குவதாக இருக்கட்டும். விரால் பெரிய எடை உடையதன்று. ஆனால் முள் பட்டவுடன் தாமரைத் தண்டுகளுக்குள்ளும் கோரைக்குள்ளும் புகுந்துவிடும். அங்கிருந்து கொடியோடு சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால்தான் தடித்த நரம்பு தேவைப்படுகிறது.

தூண்டில் முள் வாங்கும்போது எண்ணைப் பற்றி ஒரு குழப்பம் நேர்வதுண்டு. பத்து, எட்டு, ஆறு என எண் குறையக் குறைய முள் பெரிதாகும். ஒன்றாம் எண்ணைத் தாண்டிய பின் சுழியம் சேர்த்து எழுதுவார்கள். அவற்றில் எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். கெண்டைக்கு எட்டாம் எண்ணோ பத்தாம் எண்ணோ போதும். விராலின் அகன்ற வாய்க்கு ஒன்றாம் எண் முள்ளோ அதற்கு அடுத்த பெரிய அளவோ ஏற்றது. முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே எதிர்ப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கைக் குறடால் அமுக்கிவிடுவது நல்லது. நரம்பைத் தளரவிடாது இழுப்பவனிடமிருந்து மீன் எளிதில் தப்பாது. வேண்டாத மீனை விடுவிப்பது எளிதாகும். முள் தன் விரலிலேயே தைத்துவிட்டாலும் எடுப்பது எளிது.

முடிச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பருத்தி நூலில் போடும் முடிச்சு நைலானில் வழுக்கிவிடும். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியைத் தாய் நரம்பின்மேல் ஐந்து ஆறு சுற்றுச் சுற்றி, காதின் அருகே உள்ள சிறு வளையத்தில் நுனியை நுழைக்க வேண்டும். அப்போது உண்டாகும் பெரிய வளையத்திலும் அதனை ஒருமுறை நுழைத்து, எச்சிலால் நனைத்து, மெல்ல இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வில் நரம்பு வலுவிழக்கும். பெரிய மீன் போய்விட்டது என்று வருந்தும் சிறுவனின் நரம்பு நுனியைப் பாருங்கள். அது பன்றிவால்போற் சுருண்டிருந்தால் அறுந்தது நரம்பன்று, அவிழ்ந்தது முடிச்சு.

இரைக்கு நம் மக்கள் தொன்றுதொட்டுப் பயன்படுத்துவது மண்புழு, சிறு கெண்டை, தவளை ஆகியன. இவற்றுள் தவளையை விட்டுவிடும்படி விவசாயி என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். நெல்வயலில் பூச்சிகளைத் தின்று நமக்குக் கூலியில்லாமல் உழைப்பது அது. தவளைக்கால் ஏற்றுமதியை 1987-ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை செய்ததை மூத்தோர் நினைவுகூர்வர். அதற்கு மாற்றாக இப்போது கடைகளில் ரப்பர்த் தவளை கிடைக்கிறது. உள்ளே வெற்றிடமான மெல்லிய உடல். அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கிய இரு முட்கள். கொடிகளின்மேல் இழுத்தாலும் முள் சிக்காது. மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முள் வெளிப்படும்.

இவ்வகைப் போலி இரைகள் பெரிதும் வளர்ச்சியுற்றது வட அமெரிக்காவில், பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதற்காக. அங்கு ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949-இல் மென்மையான பிளாஸ்டிக்கால் புழு செய்தார். அதன் பின் அத்தொழில் விரிவடைந்தது. பாஸுக்கும் விராலுக்கும் உறவு இல்லை. ஆயினும் பெருவாய் பாஸ் என்னும் அதன் வகை, நம் விராலைப் போலவே அகன்ற வாயுடன் கொடிகளின் நிழலில் மறைந்து நின்று, கடந்து செல்லும் இரையின்மேல் பாயும் இயல்புடையது. ஆகையால் அதற்கெனச் செய்த தவளை இதற்கும் பொருந்திவிட்டது. ரப்பர்த் தவளையை எறிவதற்கு ஏழடிக் கோலும் உருளையும் வேண்டும். மூங்கில் கழியில் தேர்ந்த பின்னரே அவற்றை வாங்கித் தருதல் சிக்கனம்.

வீசும் முறை இது. காலையில் வெயில் ஏறுமுன்னும் மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் தகுந்த நேரம். மீன் இருக்குமென நினைக்கும் இடத்தின் தலையிலேயே தவளையைப் போட்டால் அது மிரண்டு ஓடும். அவ்விடத்திற்கு அப்பால் நான்கைந்து முழம் தள்ளி எறிந்து, இலைகளின்மேல் மெல்ல இழுத்து வர வேண்டும். இலைகளுக்கிடையே உள்ள திறந்த நீரில் சிறிது நிறுத்துக. பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் மீன் பாயும். நீர் தெறித்தவுடன் கோலை வெட்டி இழுப்பது எல்லோரும் செய்யும் பிழை. தவளை வெறுமனே பறந்து வரும். மனத்திற்குள் ஒன்று, இரண்டு என எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பின் உறுதியாக இழுக்க வேண்டும். மீனின் தலை நீருக்கு மேலே இருக்கும்படி விடாது இழுத்தால் அது கொடிக்குள் புகாது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட செய்திக்கு வருவோம். விரால் கரையோர ஆழமற்ற நீரில், கொடிகளை விலக்கி வட்டமாக இடம் செய்துகொண்டு முட்டையிடும். முட்டைகள் நீரில் மிதக்கும். பெற்றோர் அவற்றைக் காக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோல் திரண்டு நீர்மட்டத்தில் திரியும். அவற்றின் கீழே தாயோ தந்தையோ நிழல்போல் தொடரும். இக்காவல் சில வாரங்கள் நீடிக்கும். அந்நாட்களில் குஞ்சுகளின் அருகே எது வந்தாலும், பசி இல்லாவிடினும், காவல் மீன் பாய்ந்து தாக்கும். ஆகவே செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே தூண்டிலைப் போட்டால், ஒன்றுமறியாச் சிறுவன்கூட ஏரியின் மிகப் பெரிய விராலைப் பிடித்துவிடலாம்.

பன்னிரண்டு வயதில் நானும் அவ்வாறு பிடித்தேன். முழங்கை நீள மீன். தெருவே கூடிப் பார்த்தது. மறுநாள் அதே இடத்திற்குச் சென்றேன். குஞ்சுகளின் கூட்டம் சிதறிக் கிடந்தது. குறவைகள் கீழிருந்து கவ்வின. கொக்கு ஒன்று கரையில் நின்று பொறுக்கிற்று. மூன்றாம் நாள் அங்கு ஒன்றும் இல்லை. என் தந்தையார் என்னைக் கடியவில்லை. கரைக்கு உடன் வந்து, "எண்ணிச் சொல், எத்தனை மீன் பிடித்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

பாஸ் மீனிலும் ஆண் மீன் குழி பறித்து முட்டையைக் காக்கும். அதனைத் தூண்டிலில் எடுத்துவிட்டால் சிறு மீன்கள் சில நிமிடங்களிலேயே முட்டைகளைத் தின்னத் தொடங்குவதை அங்குள்ள ஆய்வாளர் கண்டுள்ளனர். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பல நீர்நிலைகளில், முட்டையிட்டுக் குஞ்சு காக்கும் காலத்தில் பாஸ் மீன்பிடிப்புக்குப் பருவத் தடை உண்டு. நம் சிற்றூர்களில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பதினோராம் அட்டவணையில், ஊராட்சிகளுக்கு அளிக்கத்தக்க 29 பொருள்களுள் மீன்வளமும் ஒன்று. ஊராட்சியின் பொறுப்பிலுள்ள குளத்தை மீன்பாசிக் குத்தகைக்கு விடும்போது, குஞ்சு காக்கும் விராலைப் பிடித்தலாகாது என்றும், கோரை மண்டிய ஒரு மூலையை வலை போடாமல் விடவேண்டும் என்றும் நிபந்தனை சேர்க்கலாம்.

குத்தகைதாரர் இதற்கு மறுப்புக் கூறுவதும் உண்டு. விரால் தாம் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பர். அது உண்மையே. விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகளை விடும் குளத்தில் விரால் பெரும் பகை. அத்தகைய குளத்தில் குஞ்சு விடுமுன் பெரிய விரால்களைத் தூண்டிலால் குறைத்துக்கொள்வதே முறை; இளைஞர்களை அதற்கு அழைக்கலாம். அவ்வாறில்லாத ஊருணிக்கும் சிறு குளத்திற்கும் மேற்சொன்ன காவல் பொருந்தும். இரண்டையும் ஒரே விதியில் அடக்க முயல்வது வீண்.

சிறுவனுக்கு இரண்டு அடையாளங்கள் கற்பித்தால் போதும். செந்நிறக் குஞ்சுகள் தெரியும் இடத்தில் தூண்டில் போடக்கூடாது என்பது ஒன்று. கழியின் அடியில் ஓரடி அளவுக்கு ஒரு வெட்டுக்குறி இட்டுக்கொண்டு, அதற்குக் குறைந்த விராலை நனைந்த கையால் பிடித்து நீரில் விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. உலர்ந்த கையோ துணியோ மீனின் வழுவழுப்பை உரித்துவிடும்.

தனியாக எவனும் ஏரிக்குச் செல்லலாகாது. வண்டல் அள்ளிய குழிகள் நீரடியில் மறைந்திருக்கும். பம்புசெட்டுக்குச் செல்லும் மின்கம்பியின் கீழ் நின்று கோலை ஓங்கக் கூடாது. கடையில் வாங்கும் கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், ஈர மூங்கிலும் அதற்கு விலக்கன்று. அறுந்த நரம்பைக் கரையில் எறிந்தால் கொக்கின் காலிலும் மாட்டின் வயிற்றிலும் சேரும். சுருட்டி எடுத்து வருக.

பிடித்த மீனை உயிரோடு வீடு சேர்க்க விரும்பினால் குடத்தை விளிம்புவரை நிரப்பி மூடிவிடாதீர்கள். காற்றை விழுங்க இடமில்லையேல் விரால் நீருக்குள்ளேயே மூச்சுமுட்டி இறக்கும். பாதிக் குடம் நீர் போதும். ஆனால் அது துள்ளும் மீன்; வாயில் வலைத்துணி கட்டுவதை மறக்க வேண்டாம்.