கனமான போர்வையும் அமைதியான உறக்கமும்

கனமாக எதையேனும் போர்த்திக்கொண்டால்தான் உறக்கம் வருகிறது என்று சொல்லும் நோயாளிகள் உண்டு. மேச்சேரி வெயில் மிகுந்த ஊர். நம் மேச்சேரி ஆட்டுக்கே கம்பளி உரோமம் இல்லை. குட்டையான முடிதான் உண்டு. ஆயினும் பல வீடுகளில் ஒரு கம்பளியோ பவானி ஜமக்காளமோ மடித்து வைக்கப்பட்டிருக்கும். குளிருக்காக மட்டுமன்றி, மன ஆறுதலுக்காகவும் அதை நாடுகிறோம். அந்த ஆறுதலின் பயனையும் அபாயத்தையும் நோயாளியும் உடனிருப்போரும் அறிந்திருத்தல் நலம்.

உடல் முழுவதும் சீராகப் பரவும் மென்மையான அழுத்தம், அணைப்பைப் போன்ற பாதுகாப்புணர்வைத் தரக்கூடும். 2020-இல் சுவீடனில் வெளியான ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றோடு உறக்கமின்மையும் கொண்ட 120 பேர் பங்கேற்றனர். உலோகச் சங்கிலி வைத்துத் தைத்த 6 முதல் 8 கிலோ எடையுள்ள போர்வையை நான்கு வாரங்கள் பயன்படுத்தியவர்களுக்கு, 1.5 கிலோ போர்வை பெற்றவர்களைவிட உறக்கமின்மை நன்கு குறைந்தது. ஆனால் 2014-இல் பிரிட்டனில் ஆட்டிசம் உடைய குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் உறங்கும் நேரம் கூடவில்லை. எனினும் குழந்தைகளும் பெற்றோரும் எடைப் போர்வையையே விரும்பினர். ஆகவே இது ஆறுதல் தரும் துணை, மருந்து அன்று.

அபாயமும் உண்டு. 2008-இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், எடைப் போர்வையில் சுற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அவனால் அதனின்று விடுபட இயலவில்லை. எனவே போர்த்துமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இவர் தம் கையாலேயே போர்வையை விலக்க முடியுமா? முடியாது எனில் போர்த்தலாகாது.

கைக்குழந்தைகள், பக்கவாதத்தால் கை கால் செயலிழந்தோர், உறக்க மருந்தின் மயக்கத்தில் இருப்போர், நினைவு தடுமாறும் முதியோர் ஆகியோருக்கு இது வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், நீரிழிவால் மரத்துப்போன கால்கள், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை ஆகியவை இருப்பின் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

காய்ச்சலில் நடுங்குபவர்மீது வீட்டிலுள்ள கம்பளிகளையெல்லாம் அடுக்குவது நம் வழக்கம். ஒரு மெல்லிய போர்வையே போதும். நடுக்கம் நின்றதும் அதையும் தளர்த்திவிடுங்கள். உடலின் வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

பயன்படுத்தத் தக்கவர்கள் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

1. போர்வையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருக்கட்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 5 கிலோ.
2. முதலில் பகலில், விழித்திருக்கும்போது சிறிது நேரம் போர்த்திப் பாருங்கள்.
3. முகத்தையும் கழுத்தையும் மூடாதீர்கள். ஓரங்களை மெத்தைக்கடியில் செருகாதீர்கள்.
4. வியர்வை, மூச்சு முட்டல், மரத்துப்போதல் தோன்றினால் உடனே விலக்குங்கள்.

உறக்கமின்மை சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வலியோ மூச்சுக் கோளாறோ மனக்கவலையோ காரணமாக இருக்கலாம். கனமான போர்வை ஆகாதவர்க்கும் ஆறுதலுக்கு வழியுண்டு. அருகில் அமர்ந்து, அவர் கையைச் சற்று நேரம் பற்றியிருங்கள்.